துருக்கியா, இத்தாலியா: ட்ராப் பழகுகிறவர் எந்தத் துப்பாக்கி வாங்குவது?

கேள்வி: எனக்கு வயது 27. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். வயலில் பன்றி விரட்டத் தாத்தா வாங்கிய பக்கவாட்டு இரட்டைக்குழல் ஒன்று வீட்டில் இருக்கிறது. லைசென்ஸ் அப்பா பெயரில். ஒரு வருடமாக நான் ட்ராப், அதாவது வானில் எறியப்படும் களிமண் தட்டைச் சுடும் போட்டி, பழகுகிறேன். மாதம் இரண்டு நாள் வெளியூர் ரேஞ்சுக்குப் போய் கிளப் துப்பாக்கியில் சுடுகிறேன். இப்போது என் பெயரிலும் லைசென்ஸ் வந்துவிட்டது. துருக்கியில் செய்த மேல்கீழ் குழல் ஒன்றும், பழைய இத்தாலிய பெரெட்டா ஒன்றும் விலைக்கு வருகின்றன. பெரெட்டா மூன்று மடங்கு விலை. மாமாவோ, "திருச்சி ஃபேக்டரி பம்ப் ஆக்‌ஷனே போதும்ல" என்கிறார். எதை வாங்கட்டும்?

பதில்: மாமா சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். பம்ப் ஆக்‌ஷன் என்பது முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் ஒற்றைக்குழல். காவலுக்கு நல்லது. ஆனால் சர்வதேச ட்ராப் விதிப்படி அதைக் கொண்டு போட்டியில் நிற்க முடியாது. தாத்தாவின் துப்பாக்கிக்கு அந்தத் தடை இல்லை. என்றாலும் இரண்டு குழலும் அருகருகே படுத்திருப்பதால் கண்ணுக்கு முன்னால் அகலமாகத் தெரியும். பதினோரு சென்டிமீட்டர் தட்டு விர்ரென்று விலகி ஓடும்போது, ஒரே கோடாகத் தெரிகிற மேல்கீழ் குழல்தான் கைகொடுக்கும்.

கூடுதல் விலை எதற்கு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 25 தட்டு. நாளுக்கு நான்கு சுற்று சுட்டால் உங்களுக்கு மாதம் 200 தட்டு, வருடத்துக்கு 2,400. ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா வரை சுடலாம் என்பதால் தோட்டா 4,800 வரை போகும். தாத்தாவின் துப்பாக்கி ஆயுசுக்கும் அவ்வளவு வெடித்திருக்காது. நல்ல கம்பெனிக்காரர்கள் வாங்கும் பணம் குழல் மடங்குகிற கீல், பூட்டு, ஸ்பிரிங், விசை ஆகியவை இந்த அடியைத் தாங்குவதற்குத்தான். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கை ஒட்டி இத்தாலியக் கம்பெனி பெராஸி கொண்டுவந்த எம்எக்ஸ் 8 துப்பாக்கியில் விசைத் தொகுதியை அப்படியே கழற்றி, வேறொன்றை மாட்டிவிட்டுத் தொடர்ந்து சுடலாம். பூவேலை செய்த வெள்ளித் தகட்டுக்கும் உயர்ரக வால்நட் கட்டைக்கும் கொடுக்கிற பணம் வேறு. அது ஒரு தட்டைக்கூட உடைக்காது.

என் முதல் துப்பாக்கி மலிவானது. மூன்றாம் வருடம், தோட்டாவின் அடியில் தட்டுகிற ஊசி கீழ்க்குழலில் ஒடிந்தது. விரல்கடை நீளம்கூட இல்லாத சாமான். விற்றவர் "வந்துரும், வந்துரும்" என்றே நான்கு மாதம் ஓட்டினார். நான் பழகிக் காத்திருந்த போட்டி அதற்குள் முடிந்துபோனது. அதனால் துருக்கித் துப்பாக்கியை விற்பவரிடம் ஊசியும் ஸ்பிரிங்கும் கையோடு கேளுங்கள். தராவிட்டால் விலை பேச வேண்டாம்.

விலையைவிட உடம்புக்குப் பொருந்துவது முக்கியம். இதில் அவசரப்படாதீர்கள். குழல் இரண்டும் காலி என்று நீங்களே திறந்து பார்த்தபின், பாதுகாப்பான திசையில் நின்று கண்ணை மூடித் தோளில் ஏற்றுங்கள். கன்னம் கட்டையில் படியட்டும். கண்ணைத் திறந்தால் குழலின் மேல் நீளமாக ஓடும் பட்டையான ரிப்பின் மேலுள்ள நடுமணியும் முன்மணியும் எட்டு எழுதினாற்போல ஒன்றன்மேல் ஒன்று நிற்க வேண்டும். திறக்கும் நெம்புகோலின் முதுகுதான் தெரிகிறதென்றால் கட்டை உங்களுக்குத் தாழ்வு. மணிகள் இடமோ வலமோ விலகினாலும் அளவு சரியில்லை. பத்துத் தடவை ஏற்றிப் பாருங்கள். அடுத்தவர் அளவுக்குச் செய்த பெரெட்டாவைவிட உங்களுக்குப் பொருந்துகிற துருக்கி மேல். கன்னக்கட்டை ஏற்றி இறக்கும் வசதி இருந்தால் பாதிக் கவலை தீரும். ஊர் ஆசாரியிடம் சீவக் கொடுத்துவிடாதீர்கள். சீவிய மரம் திரும்பி ஒட்டாது.

பழைய பெரெட்டாவின் தேய்மானத்தையும் பாருங்கள். குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டையைக் கழற்றிவிட்டு, பூட்டிய நிலையில் மெல்ல ஆட்டினால் குழல் லொடலொட என்று ஆடக் கூடாது. மேல் நெம்புகோல் நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் நின்றால் பூட்டு இன்னும் தேயவில்லை. இடப்பக்கம் தாண்டியிருந்தால் நிறைய உழைத்துவிட்டது என்று அர்த்தம்.

என் முடிவு இதுதான்: பெரெட்டா பொருந்தி, ஆட்டமும் இல்லாமல், அதை வாங்கியபின் ஒரு வருடத் தோட்டாவுக்கும் பயணத்துக்கும் பணம் மிஞ்சுமானால் அதையே வாங்குங்கள். மிஞ்சாது என்றால் துருக்கிதான். சுடாமல் பெட்டியில் தூங்கும் பெரெட்டாவால் உங்கள் ஸ்கோர் ஏறாது.

சட்டத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிதான். நாளைக்குத் தாத்தாவுடையது உங்கள் பெயருக்கு வந்தால், இப்போது வாங்குவதோடு கணக்கு முடிந்துவிடும். "இப்போதைக்கு மலிவு, அப்புறம் பெரியது" என்ற திட்டத்தில் முதலாவதை விற்கவேண்டி வரலாம். வெளிநாட்டுத் துப்பாக்கி பெரும்பாலும் வீரர்களின் இறக்குமதி அனுமதியில் வந்து கைமாறுவது. அந்த அனுமதித் தாளையும், குழலிலுள்ள எண் விற்பவரின் லைசென்ஸில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தாமிரபரணிக் கரை வீடுகளில் சுவரே வேர்க்கும். தோல் உறையில் வைத்தால் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். துடைத்து, மெல்லிசாக எண்ணெய் பூசி, பூட்டிய இரும்பு அலமாரியில் காற்றாட நிறுத்துங்கள். தோட்டாவைத் தனியே பூட்டி வையுங்கள்.