கராஜில் விமானம்: வாசகர் கேள்விகள்

போன இதழில் என் கராஜில் ஆர்வி-7 விமானம் வளர்ந்த கதையை எழுதியதிலிருந்து வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் சுற்றுகின்றன: கிட்டோடு வந்த பாகத்தைப் போடுவதா, வேறு வாங்கிப் போடுவதா, கிட்டில் வராததை எதை நம்பி வாங்குவது. புதிதாகப் படிப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அரோரா என்ற ஊரில் இருக்கும் வான்ஸ் ஏர்கிராஃப்ட் 1970களிலிருந்து விற்றுவரும், நாமே கட்டிக்கொள்கிற விமானக் கிட் வரிசைதான் ஆர்வி. அலுமினியத் தகடும் அவற்றை இணைக்கும் ரிவெட் ஆணியும் பெட்டியில் வந்துவிடும்; என்ஜின், ப்ரொப்பெல்லர், கருவிகள், பெயின்ட் எல்லாம் நம் தலையில். பாதிக்கு மேற்பட்ட வேலையை நாமே செய்தால் அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ அதை 'எக்ஸ்பெரிமென்டல்' (சோதனை வகை) என்று பதிவு செய்கிறது. டிரான்ஸ்பாண்டர் (ராடாருக்குப் பதில் சொல்லும் கருவி) மாதிரி சிலவற்றைத் தவிர மற்ற பாகங்களுக்குத் தனிச் சான்றிதழ் தேவையில்லை. குழப்பம் ஆரம்பிக்கிற இடமும் அதுதான்.

கேள்வி: வால் கிட் வந்துவிட்டது. என்ஜின், டிஸ்ப்ளே, ரேடியோ எல்லாவற்றையும் இப்போதே வாங்கிவைத்தால் விலையேற்றத்திலிருந்து தப்பலாம் அல்லவா? (ஹூஸ்டன் வாசகர்)

வேண்டாம். வேலை பார்த்துக்கொண்டே சனி ஞாயிறில் கட்டுகிறவருக்கு 2,000 மணி நேரம் என்பது சாதாரணமாக ஆகும் கணக்கு, அதாவது சில வருஷங்கள், பிள்ளை ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போது ஆரம்பித்தால் ஆறாம் வகுப்பில் முடியும். டிஸ்ப்ளேயும் ரேடியோவும் அதுவரை பெட்டிக்குள்ளேயே பழசாகிவிடும். நான் ஒரு டிஸ்ப்ளேயைத் தள்ளுபடியில் மூன்று வருஷம் முன்கூட்டியே வாங்கினேன். ஒருநாள் மேசைமேல் வைத்துக் கரன்ட் கொடுத்தேன், திரையில் பாதி வெள்ளையாக நின்றது. வாரன்டி வாங்கிய தேதியிலிருந்து ஓடி, எப்போதோ முடிந்துபோயிருந்தது. தள்ளுபடியில் மிச்சம் பிடித்ததைவிட ரிப்பேருக்கு அதிகம் போயிற்று.

என்ஜின் வேறு கதை. ஆர்டர் கொடுத்தால் வந்துசேர மாதக்கணக்கில் ஆகும், அதனால் உடல் பகுதி உருவாகிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவைக்கலாம். ஆனால் ஓடாமல் கிடக்கிற என்ஜினுக்குள் துரு ஏறும், கேம் ஷாஃப்டைத்தான் அது முதலில் பிடிக்கும், ஹூஸ்டன் ஈரக்காற்றில் சொல்லவே வேண்டாம். இறக்கை மாட்டத் தயாராகும்போது பெட்டி வாசலுக்கு வந்தால் போதும்.

கேள்வி: ப்ரொப்பெல்லர் ஃபிக்ஸட் பிட்சா, கான்ஸ்டன்ட் ஸ்பீடா? விலை வித்தியாசம் பயமுறுத்துகிறது. இப்போதைக்கு லேசான மர ப்ரொப்பெல்லரைப் போட்டுவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாமா? (அட்லாண்டா வாசகர்)

மாற்றிக்கொள்ளலாம். ஃபிக்ஸட் பிட்சில் ப்ரொப்பெல்லர் இறகின் கோணம் மாறாது, கான்ஸ்டன்ட் ஸ்பீடில் பறக்கும்போதே மாறும். ஆனால் 'அப்புறம்' என்பதற்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். கான்ஸ்டன்ட் ஸ்பீட் ப்ரொப்பெல்லரின் கோணத்தை மாற்றுவது என்ஜின் ஆயில்தான், அந்த ஆயில் கிராங்க் ஷாஃப்டின் உள்துளை வழியாக முன்னுக்கு வரவேண்டும். லைகமிங் கம்பெனி என்ஜின்களிலேயே சில மாடல்களில் கிராங்க் ஷாஃப்ட் உள்ளே துளையில்லாமல் கெட்டியாக இருக்கும், அதில் இந்த ப்ரொப்பெல்லரை எந்தக் காலத்திலும் மாட்ட முடியாது. ஆக இன்றைக்கு மரத்தைப் போட்டாலும் நாளைய ப்ரொப்பெல்லரை மனதில் வைத்துத்தான் என்ஜின் மாடலைப் பிடிக்கவேண்டும். அந்த ஆயிலைக் கட்டுப்படுத்தும் கவர்னர் வைக்க இடம், காக்பிட்டிலிருந்து ஒரு கேபிள், அது ஃபயர்வாலை (என்ஜினையும் காக்பிட்டையும் பிரிக்கும் தடுப்பை) தாண்ட ஒரு ஓட்டை, இவையெல்லாமும் இப்போதே யோசிக்கவேண்டியவை.

அதைவிடப் பெரிய சங்கதி எடை. லேசாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும், எங்கே லேசாகிறது என்பதுதான் கேள்வி. ஒரு மாதிரிக் கணக்கு: 800 கிலோ விமானம், ஈர்ப்பு மையத்துக்கு 1.8 மீட்டர் முன்னால் மூக்கில் 14 கிலோவைக் குறைக்கிறீர்கள். மையம் சுமார் 3 சென்டிமீட்டர் பின்னால் போய்விடும். மூன்று சென்டிமீட்டர் என்ன பிரமாதம் என்பீர்கள். ஆர்வி-7ல் அந்த மையம் முன்னும் பின்னும் நகர அனுமதித்த மொத்த தூரமே கிட்டத்தட்ட ஒரு சாண். இரண்டு பெரியவர்கள் உட்கார்ந்து, பின்னால் பெட்டியை வைத்துப் பறக்கும்போது பெட்ரோல் வேறு குறைந்துகொண்டே வரும், டேங்க் இறக்கையின் முன்விளிம்பில் இருப்பதால் குறையக் குறைய மையம் இன்னும் பின்னால் நகரும். கிளம்பும்போது சரியாக இருந்த விமானம் இறங்கும்போது வால் கனத்து நிற்கும். வால் கனத்த விமானம் ஸ்டாலிலிருந்து (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கிற நிலையிலிருந்து) மீள அடம்பிடிக்கும். சிலர் இதைச் சரிக்கட்ட பேட்டரியை முன்னால் கொண்டுபோவார்கள், சிலர் மூக்கில் எடைத் துண்டையே போல்ட் போட்டு வைப்பார்கள், அப்புறம் லேசான ப்ரொப்பெல்லர் வாங்கி என்ன லாபம்?

இன்னொன்று. சான்றிதழ் வாங்கிப் பறந்த பிறகு ப்ரொப்பெல்லர் வகையை மாற்றினால் எஃப்ஏஏ அதைப் பெரிய மாற்றமாகத்தான் பார்க்கும். அவர்களுக்குத் தெரிவித்து, குறைந்தது 5 மணி நேரமாவது மறுபடி சோதனைப் பறப்பில் ஓட்டவேண்டும். கையில் காசு இல்லையென்றால் ஒரு வருஷம் தாமதமாக முடிப்பேன், ப்ரொப்பெல்லரை ஒருமுறைதான் வாங்குவேன். இது என் கட்சி. அருமையாகப் பறக்கிற மர ப்ரொப்பெல்லர்காரர்கள் நிறைய பேர் சண்டைக்கு வரலாம்.

கேள்வி: கனொப்பி (காக்பிட்டின் கண்ணாடி மூடி) சறுக்கித் திறப்பதா, முன்பக்கம் தூக்கித் திறப்பதா? (ஃபீனிக்ஸ் வாசகி)

ஃபீனிக்ஸ் என்றால் சறுக்குவதுதான். ரன்வேக்குப் போகிறவரை திறந்துவைத்துக்கொண்டு போகலாம், அந்த ஊர் ஜூன் மாதத்தில் அது ஒன்றே போதும். தூக்கித் திறப்பதில் பறக்கும்போது கண்ணெதிரே கம்பி மறைக்காது, கருவிப் பலகைக்குப் பின்னால் கைவிட்டு ஒயர் மாட்டுவதும் சுலபம்.

கேள்வி: விமானத்துக்கென்றே செய்த ஏஎன் போல்ட் வாங்கும் விலையில் ஹார்ட்வேர் கடையில் ஒரு டப்பா வாங்கலாம். அதுவும் கிரேட் 8, பலம் அதிகம். போட்டால் என்ன? (டெட்ராய்ட் வாசகர்)

பலத்தைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மைதான், ஏஎன் போல்ட் சதுர அங்குலத்துக்கு 1,25,000 பவுண்டு, கிரேட் 8 போல்ட் 1,50,000. ஆனால் விமானத்தில் போல்ட் பெரும்பாலும் இழுபடுவதில்லை, குறுக்கே வெட்டுப்படுகிற சுமையைத்தான் தாங்குகிறது. அந்தச் சுமை போல்ட்டின் வழுவழுப்பான உடம்பில் விழவேண்டும், மரையில் விழக்கூடாது. மரை என்பது வரிசையாக வெட்டிய காயங்கள் மாதிரி, விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். ஏஎன் போல்ட்டில் மரை குட்டையாக நட்டுக்கு வேண்டிய அளவுக்குத்தான் இருக்கும், உடம்பு நீளம் நீளமாகப் பல அளவுகளில் கிடைக்கும், நீங்கள் தகட்டின் கனத்தை அளந்து வாங்குகிறீர்கள். கடை போல்ட்டில் பாதி உடம்புவரை மரை ஓடியிருக்கும், அதை ஸ்பார் (இறக்கையின் முதுகெலும்பான உத்தரம்) ஓட்டையில் நுழைத்தால் மரையின் மேல்தான் இறக்கை உட்காரும்.

தலையைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஏஎன் ஸ்டீல் போல்ட் தலையில் பெருக்கல் குறி அல்லது நட்சத்திரம் மாதிரி அச்சு இருக்கும். நடுவை நோக்கி ஆறு கோடு இருந்தால் அது கிரேட் 8, மூன்று இருந்தால் கிரேட் 5. நான் ஒருமுறை ஏலத்தில் 'விமான போல்ட்' என்று ஒரு பை வாங்கி, மேசையில் கொட்டி, லென்ஸ் வைத்துப் பொறுக்கினேன். நூற்றுக்குமேல் இருந்த பையில் ஏழெட்டில் மூன்று கோடு. அத்தனையையும் தூக்கிப்போட்டேன், நல்லதையும் சேர்த்துத்தான்.

ரிவெட்டும் அப்படித்தான். தலையின் நடுவில் ஊசியால் குத்தியது போல ஒரு சின்னக் குழி இருந்தால் அது ஏடி ரகம், விமான உடம்புக்கு உரியது. குழியில்லாமல் மொழுமொழுவென்றிருந்தால் மெத்தென்ற அலுமினியம், சுமை தாங்குகிற இடத்துக்கு ஆகாது. இரண்டும் ஒரே டப்பாவில் கலந்துவிட்டால் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குகிற வேலைதான்.

நட்டையும் சொல்லிவிடுகிறேன், நிறைய பேர் கோட்டை விடுகிற இடம் அது. நைலான் வளையம் வைத்த நட்டு சுமார் 120 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும், அதனால் ஃபயர்வாலுக்கு முன்பக்கம் முழு உலோக நட்டுதான். சுழலுகிற மூட்டில், உதாரணமாகக் கட்டுப்பாட்டுக் கம்பிகளில், பள்ளம் வெட்டிய நட்டும், அது கழலாமல் குறுக்கே செருகும் காட்டர் பின்னும். அப்புறம் முறுக்கு: மிகச் சின்ன ஏஎன்3 போல்ட்டுக்கு 20 முதல் 25 இன்ச்-பவுண்டுதான், அதாவது குட்டி ஸ்பேனரை இரண்டு விரலால் இழுக்கிற அளவு. கார் சக்கரம் மாட்டிப் பழகிய கை இதைத் திருகியே அறுத்துவிடும். முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்குங்கள், அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கேள்வி: ஒருவர் பாதியில் விட்ட ஆர்வி கிட்டை மலிவாகத் தருகிறார். 2022ல் வாங்கியதாம். எந்தப் பாகத்தை மாற்றவேண்டியிருக்கும்? (நியூ ஜெர்சி வாசகர்)

வருஷத்தைச் சொன்னது நல்லதாயிற்று. அந்தக் காலகட்டத்தில் ஆர்டர் குவிந்ததால் வான்ஸ் சில பாகங்களின் ஓட்டைகளைக் குத்துவதற்குப் பதிலாக லேசரில் வெட்டி அனுப்பியது. கட்டுகிறவர் ரிவெட் தலை உட்காருவதற்காக ஓட்டையைச் சுற்றிக் குழி அழுத்தியபோது சில ஓட்டைகளின் விளிம்பில் விரிசல் விட்டது. பரிசோதனை, மாற்றுப் பாகம் என்று செலவு ஏறியது. வேறு நெருக்கடிகளும் சேர, 2023 டிசம்பரில் நிறுவனம் திவால் சட்டப் பாதுகாப்புக்குப் போய் 2024ல் மீண்டது.

ஆகவே பணம் கொடுக்கும் முன் பார்சல் பட்டியல்களைக் கேட்டு வாங்குங்கள், எந்தப் பாக எண் எந்த மாதம் வந்தது என்று அதில் இருக்கும். வான்ஸ் வெளியிட்ட லேசர் பாகப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இன்னும் ரிவெட் அடிக்காத பாகமானால் மாற்றுவது ஒரு பெட்டி பிரிக்கிற வேலை. அடித்துவிட்ட பாகமானால் ஒவ்வொரு ரிவெட் தலையையும் நடுவில் துளையிட்டு, தலையைத் தட்டி, உடம்பைக் கீழே தள்ளி எடுக்கவேண்டும், அதில் நாலைந்து ஓட்டையாவது பெரிதாகிவிடும். அதற்கென்றே உடம்பு பருத்து, தலை சிறுத்த ரிவெட் உண்டு, கட்டுகிறவர்கள் அதற்கு வைத்த பெயர் 'ஊப்ஸ் ரிவெட்'. இதற்கான மணி நேரங்களைக் கணக்குப் போட்டு அப்புறம் விலை பேசுங்கள். ரப்பர் ஹோஸ்கள் எதுவாக இருந்தாலும் பார்க்கவே பார்க்காமல் குப்பைக்கு.

கேள்வி: சியாட்டிலில் இருக்கும் என் மகன் விமானம் கட்டுகிறான். மேக்னெட்டோவை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடப்போகிறானாம். எனக்கு இதெல்லாம் புரியவில்லை, பயமாக இருக்கிறது. (திருச்சி வாசகர்)

ஐயா, உங்கள் பயம் நியாயமானது, மகன் செய்வதும் தப்பில்லை. லைகமிங் என்ஜினில் சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குத் தனித்தனியாக இரண்டு மேக்னெட்டோ. மேக்னெட்டோ உங்கள் பழைய மொபெட்டில் இருந்தது போலத்தான், சுற்றினால் தானே மின்சாரம் உண்டாக்கும், பேட்டரி செத்தாலும் என்ஜின் ஓடும். எலக்ட்ரானிக்கில் ஸ்டார்ட் சுலபம், பெட்ரோலும் மிச்சம். நிறைய பேர் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு இன்னொன்றை மேக்னெட்டோவாகவே வைத்துக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான். இரண்டையும் மாற்றுவதானால் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் ரகமாக இருக்கவேண்டும், அல்லது தனியாக இன்னொரு பேட்டரி வேண்டும்.

அடுத்த தடவை போனில் பேசும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: "தம்பி, மேலே போகும்போது மெயின் ஸ்விட்சை அணைச்சா என்ஜின் ஓடுமா?" தயங்காமல் "ஓடும்பா, இப்படி ஓடும்" என்று விளக்கினால் நிம்மதியாகத் தூங்குங்கள். அப்புறம், இப்படி மாற்றிய என்ஜினுக்குப் பெரும்பாலும் 40 மணி நேரம் சோதனைப் பறப்பு விதிப்பார்கள், அதுவரை பயணி யாரும் ஏறக்கூடாது. அது முடிந்ததா என்று கேட்டுக்கொண்டு சியாட்டிலுக்கு டிக்கெட் போடுங்கள்.