வீட்டு ஸ்டுடியோவிலிருந்து முதுகலைக்கு: எம்.ஏ.வா, எம்.எஸ்சி.யா?

கேள்வி: எனக்கு வயது 25, ஊர் ஈரோடு. பி.இ. எலெக்ட்ரானிக்ஸ் முடித்து ஐ.டி. வேலையில் இருக்கிறேன். சின்ன வயதில் ஐந்து வருடம் மிருதங்கம் கற்றேன். வீட்டில் பத்துக்குப் பத்து அறையில் ஸ்டுடியோ வைத்து, நண்பர்களின் பாடல்களையும் உள்ளூர்க் கடை விளம்பரங்களையும் மூன்று வருடமாக மிக்ஸ் செய்து தருகிறேன். இங்கிலாந்து போய் மியூசிக் புரொடக்‌ஷனில் முதுகலை படிக்க ஆசை. எம்.ஏ.வா, எம்.எஸ்சி.யா? கடன் வாங்கிப் போகலாமா? போர்ட்ஃபோலியோவில் என்ன அனுப்ப வேண்டும்?

பதில்: தம்பி, முதலில் பட்டத்தின் பெயர் விஷயத்தை முடித்துவிடுவோம். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 'அகௌஸ்டிக்ஸ் அண்ட் மியூசிக் டெக்னாலஜி' என்று ஒரு எம்.எஸ்சி. இருக்கிறது. ஒரு தந்தியோ தோலோ எப்படி அதிர்கிறது என்பதைச் சமன்பாடாக எழுதி, அதைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு ஒலியை வரவழைக்கும் படிப்பு அது. கணக்கு பலமாக இருக்க வேண்டும். அதே பல்கலைக்கழகத்தில் 'சவுண்ட் டிசைன்' படிப்புக்கும் எம்.எஸ்சி. பட்டம்தான். ஆனால் அது கலைக் கல்லூரியில் நடக்கும் படைப்புப் படிப்பு. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் 'சவுண்ட் அண்ட் மியூசிக் கம்ப்யூட்டிங்' இன்னொரு திசை: சிக்னல் ப்ராசஸிங், புரோகிராமிங், மெஷின் லேர்னிங். பிளக்-இன் (ஒலியை மாற்றும் சிறு மென்பொருள்) எழுத ஆசைப்படுகிறவருக்கு அது நல்ல இடம். பிளக்-இன்னைத் திறந்து ஒரு குரலைப் பாட்டில் உட்கார வைக்க ஆசைப்படுகிறவருக்கு அங்கே பாதி நாள் ஏக்கமாகவே போகும்.

உங்கள் கடிதத்தைப் படித்தால் நீங்கள் இரண்டாவது வகை. அதனால் பட்டத்தை விட்டுவிட்டு மாட்யூல் (பாடப் பிரிவு) பட்டியலைத் திறங்கள். பிரிட்டனில் ஒரு வருட முதுகலை என்பது 180 கிரெடிட். அதில் பெரும்பாலும் 60 கிரெடிட் கடைசி ப்ராஜெக்டுக்குப் போகும். அந்த ப்ராஜெக்டாக ஒரு ஆல்பத்தைப் பதிவு செய்து, அதைப் பற்றி எழுதிக் கொடுக்க விடுகிறார்களா, ஆய்வுக் கட்டுரை மட்டும்தானா? ஒரு மாணவருக்கு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஸ்டுடியோ கிடைக்கும்? இரவில் திறந்திருக்குமா? இதையெல்லாம் இப்போது அங்கே படிக்கிற மாணவரிடமே கேளுங்கள். விளம்பரப் படத்தில் இருக்கும் பெரிய மிக்ஸிங் கன்சோலை வருடத்துக்கு இரண்டு முறைதான் தொட முடியும் என்றால் அது உங்களுக்கு ஒன்றுமில்லை.

சரி, அப்படி என்ன அங்கே கிடைக்கும்? மென்பொருள் கற்க யாரும் முதுகலை போக வேண்டாம், அதை நீங்கள் வீட்டிலேயே கற்றுவிட்டீர்கள். வீட்டில் கிடைக்காதது அறை. பத்தடி என்றால் ஏறக்குறைய 3.05 மீட்டர். ஒலி ஒரு வினாடிக்கு 343 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே முதலில் நின்று அதிரும் அலை 343-ஐ அந்த நீளத்தின் இரு மடங்கான 6.1-ஆல் வகுத்தால் வருவது, அதாவது சுமார் 56 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் அதே அதிர்வெண் இரண்டு பக்கமும் சேர்ந்துகொள்கிறது. பேஸ் கிட்டாரின் ஏ தந்தியைச் சும்மா மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். இப்போது புரிகிறதா, அந்த ஒரு ஸ்வரம் மட்டும் சுவரோரம் நின்றால் ஏன் இடிக்கிறது, அறையின் நடுவில் உட்கார்ந்தால் ஏன் காணாமல் போகிறது என்று? சுவரில் ஒட்டும் இரண்டு அங்குல ஃபோம் இதைத் தொடக்கூட முடியாது. அந்த அலையின் நீளமே ஆறு மீட்டருக்கு மேல். உங்கள் மிக்ஸ் காரில் வேறு மாதிரி கேட்டால் காதைக் குறை சொல்லாதீர்கள், அறை உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறது. ஒழுங்காகக் கட்டிய அறையில் ஒரு வருடம் தினமும் உட்கார்ந்தால் காது ஒரு அளவுகோலைப் பிடித்துக்கொள்ளும். அதற்குக் கொடுக்கும் பணம் வீண் இல்லை என்பது என் கருத்து.

அடுத்தது காதுப் பயிற்சி. இதைப் பாடமாகவே வைத்திருக்கும் இடங்களுக்குத் தனி மரியாதை உண்டு. இசையும் இயற்பியலும் ஒன்றாகத் தெரிந்த ஒலிக்கலைஞர்களுக்குப் பல்கலைக்கழகப் படிப்பு வேண்டும் என்று இசையமைப்பாளர் ஆர்னால்ட் ஷோன்பர்க் 1946-லேயே சிகாகோ பல்கலைக்கழகத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். 1949-இல் ஜெர்மனியின் டெட்மோல்டில் 'டோன்மைஸ்டர்' என்ற, இசையும் ஒலிப்பதிவும் சேர்ந்த படிப்பு தொடங்கியது. அந்த வழியில் வந்ததுதான் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கும் சவுண்ட் ரெக்கார்டிங் முதுகலை. இரண்டு வருடம், அதற்கு முன் தேவையான பாடங்கள் படிக்காதவர்கள் அவற்றையும் முடிக்க வேண்டும். அவசரம் இல்லாதவர்கள் அதையும் பார்க்கலாம். பயிற்சிக்கு நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பிங்க் நாய்ஸ் என்ற, எல்லா அதிர்வெண்ணும் கலந்த இரைச்சலில் 125, 250, 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் என்று ஏதோ ஒன்றை நண்பர் ஒருவரை 12 டெசிபல் ஏற்றச் சொல்லி, எது என்று கண்டுபிடியுங்கள். பிறகு 6, அப்புறம் 3 டெசிபல். தினமும் இருபது நிமிடம் போதும்.

கடன் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஃபீஸ் பெரும்பாலும் இருபதாயிரம் பவுண்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். விசாவுக்கு ஒன்பது மாத வாழ்க்கைச் செலவைத் தொடர்ந்து 28 நாள் வங்கியில் காட்ட வேண்டும். எல்லாம் சேர்த்தால் 35 லட்சத்துக்குக் கீழே கணக்குப் போடாதீர்கள். படிப்பு முடிந்ததும் வேலை தேட அனுமதிக்கும் கிராஜுவேட் விசா இதுவரை இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்தான். அதற்குப் பின் அங்கேயே தங்க ஸ்பான்சர் செய்யும் முதலாளி வேண்டும். ஸ்டுடியோ வேலையில் பெரும்பகுதி ஃப்ரீலான்ஸ், அதற்கு யாரும் ஸ்பான்சர் செய்வதில்லை. ஆகவே லண்டனில் சம்பாதித்துக் கடனை அடைக்கலாம் என்ற கணக்கில் வீட்டை அடகு வைக்காதீர்கள். இன்னும் இரண்டு வருடம் ஐ.டி. வேலையில் இருந்து பாதியையாவது சேர்த்துவிட்டுப் போனால், அங்கே நிம்மதியாகக் கேட்கவும் தவறு செய்யவும் முடியும்.

சினிமா ஒலியிலும் ஆர்வம் இருந்தால் புனேயின் எஃப்.டி.ஐ.ஐ., கொல்கத்தாவின் எஸ்.ஆர்.எஃப்.டி.ஐ. என்ற அரசுத் திரைப்படக் கல்லூரிகளில் மூன்று வருட ஒலிப்பதிவுப் படிப்புகள் உண்டு. செலவு இதில் ஒரு சிறு பங்குதான். புனேயில் பட்டப்படிப்போடு பிளஸ் டூவில் இயற்பியல் கேட்பார்கள், அது உங்களிடம் இருக்கிறது. நுழைவுத் தேர்வு கடினம்.

இனி போர்ட்ஃபோலியோ. மாணவர்கள் அனுப்பும் முன் என்னிடம் கொண்டுவருவதில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும்: வாங்கிய லூப் (திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டு), பெரிய ரெவெர்ப் (எதிரொலி), சத்தமான மாஸ்டர் (இறுதி ஒலிப்பிரதி). கேட்பவருக்கு நீங்கள் யார் என்று தெரியாது. எட்டு பாட்டு வேண்டாம், மூன்று போதும். மூன்றில் ஒன்றாவது நீங்களே மைக் வைத்துப் பதிவு செய்ததாக இருக்கட்டும். உங்களுக்கு மிருதங்கம் தெரியுமே, அதையே பதிவு செய்யுங்கள்!

வலந்தலைக்கு (வலப்பக்கத் தோல்) ஒரு மைக், தொப்பிக்கு (இடப்பக்கத் தோல்) ஒரு மைக் வையுங்கள். இரண்டையும் மோனோவில், அதாவது ஒரே சேனலாகச் சேர்த்துக் கேட்டால், தொப்பியில் எழும் கும்கி ஒலியின் கனம் குறைந்து ஒல்லியாகத் தெரிய வாய்ப்பு அதிகம். காரணம் எளிது. தொப்பியைத் தட்டும்போது அந்தத் தோல் தன் மைக்கை விட்டு உள்ளே விலகுகிறது, அதே நொடியில் உள்ளிருக்கும் காற்று வலந்தலைத் தோலை அதன் மைக்கை நோக்கி வெளியே தள்ளுகிறது. ஒரு மைக்குக்கு இழுப்பு, மற்றதற்குத் தள்ளல், கீழ் அதிர்வுகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒரு டிராக்கில், அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பட்டனை அழுத்தி இரண்டு நிலையையும் ஒப்பிடுங்கள். அப்புறம் மைக்கை நாலு விரல் தள்ளி வைத்து மறுபடி கேளுங்கள்.

இப்படிச் செய்ததை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி ஆடியோவுடன் அனுப்புங்கள்: என்ன கேட்டது, ஏன் பிடிக்கவில்லை, எதை மாற்றினீர்கள், மாற்றியும் எது சரியாகவில்லை. கடைசி வரி முக்கியம். சரியாகாததை ஒளிக்காமல் எழுதுங்கள், அதைச் சரிசெய்யத்தான் அவர்களுடைய அறை உங்களுக்கு வேண்டும். விளம்பர வேலைகளில் ஒன்றையும் சேருங்கள், வாடிக்கையாளர் என்ன கேட்டார், நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்ற இரண்டு வரியோடு. எதையும் எம்.பி.3-யாக அனுப்ப வேண்டாம், 24 பிட் வேவ் ஃபைல் அனுப்புங்கள். மாஸ்டரில், உச்சச் சத்தத்தை அமுக்கும் லிமிட்டரைத் தளர்த்திவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள்.