எடை குறையவில்லை, ஆனால் உடல் மெலிகிறது: மருத்துவர் பதில்கள்

கேள்வி: கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்துவந்த என் அப்பாவுக்கு வயது 66. மாரடைப்புக்குப் பிறகு இதயச் செயலிழப்புக்காக (இதயம் போதிய இரத்தத்தை இறைக்க முடியாத நிலை) மருந்தும், கால் வீக்கத்துக்காக நீர் மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார். சில மாதங்களாகத் தோளும் தொடையும் மெலிந்துகொண்டே வருகின்றன. எடை மட்டும் அப்படியே இருக்கிறது. இதயம் பலவீனம் என்பதால் கஞ்சி கொடுத்து, நடமாட விடாமல் படுக்க வைத்திருக்கிறோம். இது சரியா?
– வாசகி, பூம்பாறை

பதில்: அப்பாவின் மீதுள்ள அக்கறையால் செய்கிறீர்கள், ஆனால் கஞ்சியும் படுக்கையும் தசை இழப்பை விரைவுபடுத்தும். எடை மாறாததை நம்ப வேண்டாம். இரண்டு கிலோ தசை கரைந்து அதே அளவு நீர் உடலில் தேங்கினால் எடைக்கருவியில் எந்த மாற்றமும் தெரியாது. வீங்கிய காலில் சுற்றளவை அளப்பதும் பயன் தராது. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடல் திறன் குறைந்துள்ளது என்று கொள்ளலாம். ஆசிய வல்லுநர்கள் 2019இல் வகுத்த அளவுகோல் இது. அருகில் ஒருவர் நின்றுகொண்டு செய்து பாருங்கள்.

இது அரிதான நிலையன்று. நாள்பட்ட இதயச் செயலிழப்பு உள்ள 200 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத் தசை இழப்பு காணப்பட்டது. தசைக்குப் போகும் இரத்தம் குறைவது, குடல் சுவரிலும் நீர் கோத்துப் பசி மந்தமாவது, அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் இரத்தத்தில் கூடித் தசைப் புரதத்தைச் சிதைப்பது, இவற்றோடு அசையாமல் கிடப்பது என எல்லாம் சேர்ந்தே தசையைக் கரைக்கின்றன. மூச்சுவிட உதவும் தசைகளும் இதில் தளர்வதால், அவருடைய மூச்சிரைப்பு முழுவதையும் இதயத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது.

நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு அளவான உடற்பயிற்சி பாதுகாப்பானது என்பதை 2,331 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2009இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. இதய மருத்துவரின் ஒப்புதல் பெற்றபின், வெயில் ஏறிக் குளிர் தணிந்ததும், சமதரையில் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் சில நிமிடங்களாகத் தொடங்குங்கள். உங்கள் ஊரின் ஏற்றப் பாதைகளும் படிக்கட்டு வயல்களும் இப்போதைக்கு வேண்டாம். நாற்காலியில் எழுந்து உட்காருவதே தொடைக்கு நல்ல பயிற்சி. மூச்சை அடக்கிக்கொண்டு செய்யக்கூடாது. நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

உணவில், உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 1.1 கிராம் புரதம் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. 55 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 கிராம் அளவு. ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம்தான். கஞ்சியில் கிடைப்பது சொற்பம். முட்டை, மீன், தயிர், பருப்பு, உங்கள் மலையில் விளையும் பட்டர் பீன்ஸ் ஆகியவற்றைச் சிறு சிறு அளவாக ஐந்தாறு வேளை கொடுக்கலாம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டை விலக்கி உப்பைக் குறையுங்கள். உணவின் அளவைக் குறைக்காதீர்கள். சிறுநீரகப் பாதிப்பு இருந்தாலோ இரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருந்தாலோ இந்தப் பட்டியலை மருத்துவர் மாற்றக்கூடும்.

மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினால் நீர் தேங்குகிறது என்று பொருள். தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். வீக்கம் வடிந்த நிலையில் ஓராண்டுக்குள் எடையில் 5 சதவீதம் குறைந்திருந்தாலும் அப்படியே; தைராய்டு, சர்க்கரை நோய், காசநோய் போன்ற வேறு காரணங்களையும் அப்போது தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: இதே நோயுள்ள என் கணவருக்குப் புரதப் பொடி வாங்கலாமா?
– வாசகி, குன்னூர்

பதில்: உணவே போதுமானதாக இருந்தால் தேவையில்லை. சாப்பிட முடியாத நிலையில், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவர் சொல்லும் அளவில் கொடுக்கலாம். டப்பாவில் சோடியம் எவ்வளவு என்று பாருங்கள். மருத்துவர் நீர் அருந்துவதற்கு அளவு சொல்லியிருந்தால், கலக்கும் பாலையும் அன்றைய அளவில் சேர்த்துக் கணக்கிடுங்கள். உடலை ஏற்றும் என்று சிலர் விற்கும் ஸ்டீராய்டு ஊசிகள் நீரைத் தேக்கி இதயத்தை மேலும் கெடுக்கும் என்பதால் அவை அறவே வேண்டாம்.