கடைமடை விவசாயி கிராம சபைக்குப் போவதால் பயனுண்டா?

கேள்வி: எங்கள் வயல் கால்வாயின் கடைமடையில் இருக்கிறது. பேச்சிப்பாறை அணை திறந்தாலும் கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் சாகுபடிக்குத் தண்ணீர் ஒழுங்காக வந்து சேர்வதில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் என் மகன், ‘தேர்தல் இல்லாத நாடுகள்தான் முன்னேறுகின்றன, ஏழை நாட்டுக்கு ஜனநாயகம் தடை, கிராம சபைக்குப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள்’ என்கிறான். அவன் சொல்வது சரியா? – வாசகர், கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பதில்: தங்கள் மகன் காணும் செழிப்பு உண்மையானதே. ஆனால் அதன் ஊற்று எண்ணெய் வளம். மொபுட்டு 1965 முதல் 1997 வரை தனியாட்சி நடத்திய ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டில் செம்பும் வைரமும் மிகுந்திருந்தும் மக்கள் வறுமையிலேயே உழன்றார்கள். 1966இல் விடுதலை பெற்றது முதல் தவறாமல் தேர்தல் நடத்திவரும் போட்ஸ்வானாவோ, வைர வருமானத்தைக் கொண்டு ஆப்பிரிக்காவின் வேகமாக வளர்ந்த நாடுகளுள் ஒன்றாயிற்று. பார்க் சுங் ஹீயின் அடக்குமுறை ஆட்சியில் தென்கொரியா வளர்ந்ததையும் மறைக்கக் கூடாது. இப்படி ஓரிரு நாடுகளைக் காட்டி வாதிட்டால் இரு தரப்புக்கும் சான்று கிடைக்கும். பல நாடுகளின் கணக்கை ஒன்றாக வைத்து பொருளியலாளர் அசெமோக்லு உள்ளிட்ட நால்வர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, ஜனநாயகத்துக்கு மாறிய நாடுகளில் தலா வருமானம் சுமார் 25 ஆண்டுகளில் மாறாதிருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகிறது என்று கண்டது. பலன் மெதுவாக வருகிறது என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

தங்கள் வயலுக்கு நெருக்கமானது பொருளியலாளர் அமர்த்தியா சென் எடுத்துக்காட்டிய வேறுபாடு. 1943இல் பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் வங்காளத்தில் லட்சக்கணக்கானோரைப் பலிகொண்டது போன்ற பெரும்பஞ்சம் சுதந்திர இந்தியாவில் நேரவில்லை. தேர்தலும் சுதந்திரப் பத்திரிகையும் இல்லாத சீனத்திலோ 1959–61 பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மாண்டனர். ஆயினும் அன்றாடம் அரைவயிற்றுடன் வாழ்வோரின் ஊட்டச்சத்துக் குறைவை நம் ஜனநாயகம் இன்றும் தீர்க்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் பேரிடருக்கு அரசு பதில் சொல்லியே தீர வேண்டியிருக்கிறது. ஓசையின்றித் தொடரும் குறையைத் தள்ளிப்போட முடிகிறது. 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்களைத் தேடித்தரக் கோரி நம் கடற்கரை மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் மறியல் செய்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. கால்வாயில் ஆண்டுக்கு ஆண்டு சேரும் சகதியை அப்படி யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே அக்குறையை ஏட்டில் ஏற்றிக்கொண்டே இருப்பது நம் கடமையாகிறது.

கிராம சபை அதற்கான இடம். கால்வாய் நீர்வளத் துறையின் பொறுப்பு என்பதால் ஊராட்சியால் நேரடியாக அதைத் தூர்வார இயலாமல் போகலாம். ஆனால் எந்த மடைக்குக் கீழே, எந்தப் பூவில் (போகத்தில்) தண்ணீர் வரவில்லை என்று குறிப்பிட்டு நிறைவேற்றிய தீர்மானத்துக்குத் தனிமனுவுக்கு இல்லாத வலு உண்டு. அதன் நகலுடன் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில், கடைமடைக்காரர்கள் சேர்ந்து மனுக்கொடுங்கள். 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர்த் தேர்தல் வரை ஊராட்சிகளைத் தனி அலுவலர்களே நிர்வகித்ததால், கேள்வி கேட்க வார்டு உறுப்பினர்கூட இல்லாமல் போனது. உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போவதை மக்கள் பொறுத்துக்கொள்ளவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் நீர்வளத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, கடந்த மூன்று ஆண்டுகளில் அந்தக் கால்வாயில் நடந்த தூர்வாரும் பணியின் மதிப்பீடு, ஒப்பந்ததாரருக்கு வழங்கிய தொகை, செய்த வேலையின் அளவைப் பதிவு செய்யும் அளவுப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதன்பின் 30 நாள்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அளவுப் புத்தகத்தில் எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை வேலை நடந்ததாக எழுதியிருக்கிறது என்பதைக் கால்வாய்க் கரையில் நடந்து சரிபார்த்து, மாறுபாடு இருந்தால் அடுத்த கிராம சபையில் அந்த நகலையே படித்துக் காட்டுங்கள்.