திறப்பை விட்டதும் நிற்கும் எஞ்சின்

கேள்வி: 90களின் கொரோலா, பெற்றோல் இ.எஃப்.ஐ. (எரிபொருளை மின்னணு முறையில் பீய்ச்சும் எஞ்சின்). ஸ்டார்ட் செய்தால் ஒவ்வொரு தடவையும் பிடிக்கிறது, திறப்பை விட்டதும் நின்றுவிடுகிறது. ஓனில் வைத்தால் பெற்றோல் பம்ப் சத்தமே இல்லை. கராஜில் பம்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பொறுங்கள். பம்ப் செத்திருந்தால் எஞ்சின் இப்படித் தவறாமல் பிடிக்காது. ஓனில் சத்தம் வராததும் கோளாறல்ல. அக்காலத்து டொயோட்டாக்கள் பலவற்றில் எஞ்சின் சுற்றினால்தான் பம்ப் ஓடும்.

பம்புக்குக் கரண்ட் கொடுப்பது சர்க்யூட் ஓப்பனிங் ரிலே என்ற மின்காந்த சுவிட்ச். அதற்குள் இரண்டு சுருள்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போது எஸ்.டி.ஏ. வயரில் வரும் கரண்டில் ஒன்று இழுக்கும். எஞ்சின் ஓடும்போது பிடித்து வைத்திருப்பது மற்றது, அதன் எஃப்.சி. முனையை இ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எர்த் செய்ய வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து சுழற்சி சிக்னல் வந்துகொண்டிருக்கும்வரைதான் இ.சி.யூ. எர்த் கொடுக்கும். (இன்னும் பழைய, மடல் வைத்த ஏர் ஃப்ளோ மீற்றர், அதாவது உள்ளே போகும் காற்றை அளக்கும் கருவி, உள்ள கார்களில் மடல் திறந்ததும் அதிலுள்ள சுவிட்சே எர்த் கொடுக்கும். அவற்றில் மீற்றருக்குப் பின்னால் உள்ள ரப்பர் குழாய் கிழிந்தாலே காற்று அந்த வழியே போய்விடும், மடல் அசையாது, எஞ்சின் நின்றுவிடும்.)

பொனட்டுக்குள் இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியைத் திறந்து +பி (+B, கரண்ட் வருவது), எஃப்.பி. (FP, பம்புக்குப் போவது) முனைகளைச் சிறு வயரால் இணைத்து ஓன் செய்யுங்கள். பம்ப் ஓடும், ஃபில்டர் குழாயைக் கிள்ளினால் விறைப்பாக இருக்கும். கேஜ் இருந்தால் 2.7–3.1 கிலோ/ச.செ.மீ. காட்ட வேண்டும். அப்படியே ஸ்டார்ட் செய்யுங்கள். நிற்காமல் ஓடினால் கோளாறு எஃப்.சி. பக்கம். அப்போதும் நின்றால் இக்னிஷன் சுவிட்சைப் பாருங்கள்.

எஃப்.சி. பக்கம் என்றால் வயரை எடுத்துவிட்டு, ரிலேயைக் கழற்றாமல் எஃப்.சி. முனையில் வோல்ட் அளவுங்கள். ஓனில் ஏறத்தாழ 12 வர வேண்டும். வராவிட்டால் சுருள் அறுந்திருக்கும், அல்லது ரிலேக்கு வரும் +பி கரண்ட் இல்லை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 0-க்கு அருகே இறங்காவிட்டால் வயரும் இ.சி.யூ.வும்தான் மிச்சம்.

அந்த இணைப்பு வயரை நிரந்தரமாக விட்டு ஓடவே வேண்டாம். விபத்தில் எஞ்சின் நின்றாலும் பம்ப் நிற்காது. குழாய் உடைந்திருந்தால் சூடான எஞ்சின்மேல் பெற்றோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: பழைய ஹொண்டா சிவிக். வெயிலில் நிறுத்தினால் ஸ்டார்ட் ஆகாது, மாலையில் ஆகிறது.
— வாசகர், கொழும்பு

பதில்: ஓன் செய்ததும் செக் எஞ்சின் லைட் எரியும் 2 விநாடியும் பம்ப் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பம்புக்குக் கரண்ட் கொடுக்கும், டாஷ்போர்டின் கீழுள்ள மெயின் ரிலேயைக் கழற்றித் திறந்து பாருங்கள். ஈயப் பற்றுகளைச் சுற்றி மயிரிழை போன்ற விரிசல் வளையம் தெரிந்தால் அதுதான் காரணம். சூட்டில் விரிந்து தொடர்பு விட்டுவிடும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவையுங்கள். மேலே கொஞ்சம் தடவினால் நிலைக்காது.