பந்து சோறு போடுமா என்று கேட்ட அப்பாவுக்கு

சார், பையன் பத்தாவது முடித்ததும் கால்பந்து தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று நிற்பதாகவும், வீட்டில் தினமும் சண்டை என்றும் எழுதியிருந்தீர்கள். அவனைப் பந்தை விடச் சொல்லாதீர்கள், ஆனால் கையில் ஒரு தொழிலோ படிப்போ இல்லாமல் மைதானத்துக்கு அனுப்பவும் வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு டாம் ஃபின்னி என்ற இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டக்காரரின் கதையைச் சொல்கிறேன், முடிந்தால் பையனோடு சேர்ந்து படியுங்கள்.

1922-ல் இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் பிறந்தவர் ஃபின்னி. சின்ன வயதிலேயே உள்ளூர் கிளப்பான பிரஸ்டன் நார்த் எண்ட் கூப்பிட்டது. அவருடைய அப்பாவோ, முதலில் பிளம்பர் வேலையைக் கற்றுக்கொள், அப்புறம் பந்து என்று பிடிவாதமாக நின்றார். பையன் அப்ரன்டிஸாகக் குழாய் வேலை கற்றுக்கொண்டே ஆடினான். 1940-ல் கிளப்போடு ஒப்பந்தம் போட்டாலும் அதற்குள் உலகப்போர் வந்துவிட்டது, ராணுவத்தில் சேர்ந்து எகிப்து, இத்தாலி என்று போய்த் திரும்பி முதல் லீக் மாட்ச் ஆடும்போது அவருக்கு வயது 24. ஒரு வருஷம் போனால் எல்லாம் போச்சு என்று பதறும் உங்கள் பையனுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு இங்கிலாந்துக்காக 76 மாட்ச், 30 கோல். பிறவியில் இடதுகால் ஆட்டக்காரர், வலதுகாலைப் பழக்கிப் பழக்கியே வலது ஓரத்தில் ஆடும் அளவுக்கு வந்தார். 1947-ல் லிஸ்பனில் போர்ச்சுகலை 10-0 என்று இங்கிலாந்து நொறுக்கியபோது, வலது ஓரத்தில் இன்னொரு பெரிய ஆட்டக்காரரான ஸ்டான்லி மேத்யூஸ், இடது ஓரத்தில் இவர். 1954, 1957 என இரண்டு முறை இங்கிலாந்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது.

இவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்குச் சம்பளம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? எப்பேர்ப்பட்டவராக இருந்தாலும் இதற்கு மேல் தரக்கூடாது என்று லீக்கே உச்சவரம்பு வைத்திருந்தது, 1950களின் தொடக்கத்தில் அது வாரம் 14 பவுண்ட். 1952-ல் இத்தாலியின் பலேர்மோ கிளப் 10,000 பவுண்ட் முன்பணம், மாதம் 130 பவுண்ட், வீடு, கார் என்று ஆசை காட்டியது. பிரஸ்டன் விடவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையில்தான், அவர்கள் கையெழுத்துப் போடாமல் எங்கும் போக முடியாது. அந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். கடைசிவரை ஒரே கிளப்பில் ஆடி, 1960-ல் காயத்தோடு ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டே ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் போராடி அந்த உச்சவரம்பை உடைத்தது, ஃபுல்ஹாம் கிளப்பின் ஜானி ஹெய்ன்ஸ் வாரம் 100 பவுண்ட் வாங்கினார். பதிவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் முறை தவறு என்று 1963-ல் ஜார்ஜ் ஈஸ்தம் என்ற ஆட்டக்காரர் போட்ட வழக்கில் நீதிமன்றம் சொன்னது. ஃபின்னிக்கு இரண்டுமே கிடைக்கவில்லை, ஆனாலும் அவர் கஷ்டப்படவில்லை, ஏனென்றால் பந்தாடிய காலத்திலேயே பிளம்பிங் தொழிலையும் நடத்தினார். ஊரே அவரைப் பிரஸ்டன் பிளம்பர் என்றுதான் சொல்லும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஐடிஐயோ டிப்ளமோவோ பிளஸ் டூவோ, பயிற்சி நேரத்தோடு மோதாத ஒன்றில் பையனைச் சேருங்கள், எதில் என்பதை அவனே சொல்லட்டும். கிளப் காகிதம் நீட்டினால் சந்தோஷத்தில் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, எத்தனை வருஷத்துக்கு ஒப்பந்தம், நடுவில் வேறு கிளப்புக்குப் போக வேண்டுமானால் யார் சம்மதிக்க வேண்டும், இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை எல்லாம் போதாது சார். அந்தக் காகிதம் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துவிடலாம்.