மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முன்பணம் கட்டாதீர்கள்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஓர் அப்பா எழுதியிருந்தார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி. சென்னையில் இருக்கும் மைத்துனர் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார். மூன்று மா நிலத்தை விற்றால் போதும் என்கிறார். மகளுக்கோ இயற்பியலும் வேதியியலும்தான் பிடிக்கிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் தெர்மாமீட்டரைப் போட்டு உட்கார்ந்திருந்தாளாம். "இது உருப்படுமாங்க?" என்று கேட்கிறார்.

ஐயா, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நிலத்தை விற்காதீர்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 2021 முதல் 7.5 சதவீத இடம் உண்டு. அதில் கலந்தாய்வு வழியே சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். இவ்வளவும் கையில் இருக்க, மகள் கேட்காத படிப்புக்கு மூன்று மா எதற்கு? மைத்துனர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் நாலு வருஷம் வகுப்பில் உட்காரப்போவது அவர் இல்லை.

அந்த எண்ணெய் பாட்டிலுக்கு வருகிறேன். உங்கள் மகள் பார்த்தது விளையாட்டு இல்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும். உருகும்போது வெப்பத்தை வாங்கிக்கொண்டே இருக்கும், ஆனால் அது முழுக்க உருகும்வரை அதன் சூடு பெரிதாக ஏறாது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் போதும். ஒரு கிலோ ஐஸை உருக்க 334 கிலோஜூல் வேண்டும். இப்படி உருகி உறையும் பொருட்களை நிலைமாற்றப் பொருட்கள் என்கிறோம். மெழுகு, கொழுப்பு அமிலங்கள், உப்பு ஹைட்ரேட்டுகள் (தண்ணீரைத் தன்னுள் பிடித்துவைத்திருக்கும் உப்புகள்) என்று பல வகை. சுவரிலும் கூரையிலும் இவற்றை வைத்துப் பகல் வெப்பத்தைப் பிடித்து இரவில் வெளியே விடுவது பெரிய ஆராய்ச்சித் துறை. 1948இலேயே அமெரிக்காவின் டோவர் ஊரில் மரியா டெல்கெஸ் என்ற விஞ்ஞானி, 32 டிகிரியில் உருகும் சோடியம் சல்பேட் ஹைட்ரேட்டை டிரம்களில் நிரப்பி, வெயிலைச் சேமித்துக் குளிர்காலத்தில் ஒரு வீட்டைச் சூடாக்கினார். சில குளிர்காலங்களுக்குப் பிறகு உப்பு தனியாகப் பிரிந்து அடியில் படிந்து, வேலை கெட்டது. உப்பு ஹைட்ரேட்டுகளில் அந்தச் சிக்கல் இன்றும் ஆராய்ச்சிக்குரியதுதான்.

நம் ஊருக்கு இதை அப்படியே தூக்கி வர முடியாது. டெல்டாவில் மே மாதத்து இரவு புழுக்கமானது. 24 டிகிரியில் உருகும் பொருளைச் சுவரில் வைத்தால் ராத்திரி திரும்ப உறையவே உறையாது, மறுநாள் அது வெறும் பாரம். எந்த டிகிரியில் உருகுவதைத் தேர்வது, ஏசியோடு சேர்த்து எப்படி உறையவைப்பது, மெழுகு தீப்பிடிக்காமல் எப்படிக் காப்பது என்று இங்கேயே இருந்து யோசிக்க ஆள் வேண்டும். நாகப்பட்டினத்து மீனுக்கும் கிராமத்துப் பால் சொசைட்டிக்கும் இதே அறிவியல்தான் உதவும்: பகலில் சோலாரில் உறையவைத்தால், கரண்ட் போனாலும் இரவு முழுக்கக் குளிர் நிற்கும்.

நிலைமாற்றப் பொருட்கள் என்ற பெயரிலேயே இளநிலைப் பட்டம் தேடாதீர்கள். மெக்கானிக்கல் படித்து, கேட் நுழைவுத் தேர்வு எழுதி, வெப்பவியலிலோ ஆற்றல் பொறியியலிலோ முதுகலை செய்யலாம். வேதியியலில்தான் மனம் என்றால் பி.எஸ்சி., பிறகு ஜாம் நுழைவுத் தேர்வெழுதி எம்.எஸ்சி. முதல் வேலை பெரும்பாலும் ஏசி வடிவமைப்பிலோ குளிர்பதனக் கிடங்கிலோ இருக்கும். கம்ப்யூட்டர் கம்பெனியின் பளபளப்பு அதில் இருக்காது. அதையும் மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில வருட அனுபவத்துக்குப் பின் மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் நடத்தும் எனர்ஜி ஆடிட்டர் (ஆற்றல் எங்கே வீணாகிறது என்று கணக்குப் பார்ப்பவர்) தேர்வையும் எழுதலாம்.

இந்த வாரம் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்று வாங்குங்கள். வீட்டில் யாரும் பட்டதாரி இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றுக்கும் விண்ணப்பியுங்கள். கல்லூரிப் பட்டியல் போடும்போது மகளை உடன் அழைத்துப் போய், வெப்பவியல் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கருவிகள் ஓடுகின்றனவா, மாணவர்களைத் தொட விடுகிறார்களா என்று அவளே கேட்கட்டும்.